தேத்தண்ணி கடற்கரையான கதை: இங்கிலீஷிலிருந்து போர்த்துக்கேயத்துக்கு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். ஒன்பது வருடம் லிஸ்பனில் வீட்டு வேலையும் சமையலும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். வந்த நாளிலிருந்து எல்ல என்ற ஊர்ப் பக்கம் கைடு வேலை பார்க்கும் தம்பிமார், நுவரெலியாவில் வீட்டு அறையை வாடகைக்கு விடும் அக்காமார், போர்த்துக்கலுக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்று ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். கையில் ஒரு இங்கிலீஷ் வசனம் இருக்கும். "அக்கா, இதைப் போர்த்துக்கேயத்தில எழுதித் தாங்க" என்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உச்சரிப்பைப் பெரும்பாலும் லிஸ்பன்காரர் பேசுவது போலத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். பிரேசில்காரர் கொஞ்சம் வேறு மாதிரி இழுப்பார்கள்.

"நாட் மை கப் ஒஃப் டீ" என்பதை எப்படிச் சொல்றது? தேயிலை மலையில இருந்துகிட்டு இதைக்கூடச் சொல்லத் தெரியலையே!

இதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னால் எதிரில் இருப்பவர், "மன்னிக்கணும், கோப்பை மாறிப் போச்சா?" என்று கேட்டு வேறொன்று கொண்டு வந்து வைப்பார். இங்கிலீஷ்காரர் "எனக்கு அது ஒத்து வராது, எனக்கு அதில் நாட்டமில்லை" என்பதைத்தான் இப்படிச் சுற்றிச் சொல்கிறார். அதே இடத்தில் போர்த்துக்கேயர் சொல்வது "நாவுங் எ ஆ மிஞா ப்ராயா". நேர்ப் பொருள்: அது என் கடற்கரை இல்லை. பிரேசில்காரர் வாயில் அதிகம் கேட்டிருக்கிறேன், லிஸ்பனிலும் புழங்குகிறது.

தேத்தண்ணி கடற்கரையாகிவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். மரபுத்தொடரில் இருக்கும் பொருள்களைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் அதைச் சொல்கிறார் என்று பாருங்கள். பிறகு, அதே நேரத்தில் லிஸ்பனில் ஒரு மனுஷி என்ன சொல்லுவாள் என்று தேடுங்கள். நான் இந்தப் பக்கத்தில் சொல்லப் போவது எல்லாம் ஏறக்குறைய இதுதான்.

ஒரு பக்கக் கதையும் உண்டு. இங்கிலாந்து அரண்மனையில் தேநீரை நாகரிகமாக்கியதில் பெரிய பங்கு ஒரு போர்த்துக்கேய இளவரசிக்கு: பிரகன்சா வம்சத்துக் கத்தரீனா. 1662இல் இரண்டாம் சார்ல்ஸை மணந்து போனவர். அவர் ஊர்க்காரர் இன்றும் தேநீரை "ஷா" என்கிறார்கள். மக்காவ் துறைமுகத்தில் சீனர் சொல்லக் கேட்ட சொல். இங்கிலீஷின் "டீ" வேறு துறைமுகத்துச் சொல். நம்முடைய "தே" அந்த டீயின் பக்கம்.

போன்ல போட்டா வந்துடுதே அக்கா, அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?

வரும். "ஸ்டேஷன் எங்கே" என்பதற்கு நன்றாகவே வரும். மரபுத்தொடரில்தான் வழுக்கும். அதோடு, நாம் தமிழில் தட்டினாலும் பல செயலிகள் உள்ளுக்குள் இங்கிலீஷ் வழியாகத்தான் போய்ச் சேர்கின்றன. "நீங்க சாப்பிட்டீங்களா" என்று மரியாதையாகத் தட்டியது நடுவில் "யூ" ஆகி, அந்தப் பக்கம் "நீ தின்னியா" ஆகி வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நடுவில் இன்னொரு மொழியை வைத்துக் கெட்டுப்போன பழைய உதாரணம் ஒன்று உலகப் பிரசித்தம். 1855இல் பேத்ரு கரோலினு என்பவர் போர்த்துக்கேயருக்கு இங்கிலீஷ் கற்றுக் கொடுக்க ஒரு உரையாடல் கையேடு வெளியிட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பிரெஞ்சு மூலம் ஒப்பேற்றினார் என்பது பொதுவான கருத்து. "ஷொவேர் ஆ காந்தாருஷ்" என்றால் குடம் குடமாய் மழை கொட்டுவது. அதை அவர் இங்கிலீஷில் "ஜாடிகளில் மழை பெய்கிறது" என்று எழுதி வைத்தார். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகச் சிரிக்கிறார்கள்.

அப்போ "ரெயினிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்"?

மேலே சொன்ன காந்தாருஷ், அதாவது குடங்கள். அதுவே போதும். இன்னும் வேகமாகச் சொல்ல வேண்டுமென்றால் "பேனாக்கத்தி பெய்கிறது" என்று ஒன்று உண்டு: "ஷொவேர் கனிவெத்தெஷ்". நாயும் பூனையும் இங்கிலாந்திலேயே இருக்கட்டும்.

வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் ஜூன், ஜூலையில் பெய்கிற மழையைப் பார்த்தால் எனக்குக் குடம்தான் சரியாகப் படுகிறது. நம்ம ஆட்கள் "வானம் பொத்துக்கிட்டு ஊத்துது" என்பதும் அந்த வகைதான். தண்ணீர் ஊற்றுகிற நினைப்பு இரண்டு பக்கமும் ஒன்று.

"பீஸ் ஒஃப் கேக்"? ரொம்ப லேசான வேலைன்னு சொல்லணும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

லிஸ்பனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு பெரிய மீனைக் காட்டி, "இதைச் சுத்தம் பண்ணத் தெரியுமா?" என்று சைகையால் கேட்டார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற மகன் சிரித்துக்கொண்டே "எ கஞ்ஜா!" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் பொலிஸ் வரும்.

அவன் சொன்னது "கஞ்சி". கோழியும் அரிசியும் போட்டுக் காய்ச்சுகிற நீர்த்த சூப்புக்குப் போர்த்துக்கேயத்தில் அந்தப் பெயர். உடம்புக்கு முடியாதவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதைக் கொடுப்பார்கள், நாம் கொடுப்பது போலவே. அவர்கள் அகராதிகளே மலையாளத்துக் கஞ்ஞியை மூலமாகக் காட்டுகின்றன. நம்ம கஞ்சியும் அதுவும் ஒரே சொல்தான். மலபார்க் கரையில் கேட்டதை ஊருக்குக் கொண்டு போனார்கள். கஞ்சி மெல்லாமலே இறங்கிவிடும் அல்லவா, அதனால் "எ கஞ்ஜா" என்றால் சுலபமான வேலை. ஜ-வை வன்மையாக அடிக்காமல், நாக்கை ஒட்டாமல் காற்றுப் போல விட வேண்டும்.

ஆக, இங்கிலீஷ்காரர் கேக் துண்டைக் கொடுத்தால் போர்த்துக்கேயர் கஞ்சி ஊற்றுகிறார். பிரேசில்காரர் "சீனி போட்ட பப்பாளி" என்றும் சொல்வார்: "மமாவுங் கொங் அசுக்கார்". தமிழில் "அல்வா சாப்பிடுற மாதிரி" என்கிறோம். எல்லாம் பல் இல்லாதவரும் தின்னக்கூடியவை.

கஞ்சி மட்டும் இல்லை. அவர்களுடைய "மங்கா" நம்ம மாங்காய். "கரீல்" நம்ம கறி. "கத்தமராங்" நம்ம கட்டுமரம்.

எனக்கு இங்கிலீஷே அரைகுறை. அதை நல்லாப் படிச்சிட்டுத்தான் போர்த்துக்கேயம் தொடங்கணுமா?

வேண்டவே வேண்டாம். எழுத்தும் நிறையச் சொற்களும் இங்கிலீஷால் பழக்கமாகும் என்பது உண்மை. பேச்சின் போக்குக்கு வந்தால் தமிழ்தான் குறுக்குவழி. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரு வருடம் போன பிறகு தானாகப் புரிந்தது.

முதலில் ஆமாம் போடுவது. "தேத்தண்ணி வேணுமா?" என்றால் நாம் "வேணும்" என்போம், வினையையே திருப்பிச் சொல்வோம். இங்கிலீஷில் "யெஸ்" இல்லாமல் நகராது. போர்த்துக்கேயர் நம்மைப் போல: "கேரெஷ் ஷா?" என்று கேட்டால் "கேரு". வேணுமா, வேணும். அவ்வளவுதான். "ஜா கொமேஷ்த்?" என்றால் "சாப்பிட்டாச்சா?" பதில் "ஜா". ஆச்சு! அந்த "ஜா" என்ற சின்னச் சொல்லை நம்ம "ஆச்சு" என்று வைத்துக்கொண்டால் பாதி வாழ்க்கை ஓடிவிடும்.

அடுத்தது, எல்லாரும் பயப்படுகிற இடம். இங்கிலீஷில் "இஸ்" என்று ஒன்றுதான். போர்த்துக்கேயத்தில் அதற்கு இரண்டு வினை: "சேர்", "இஷ்தார்". எங்கே எது என்று இங்கிலீஷ்காரர் வருடக்கணக்கில் தடுமாறுவார்கள். தமிழனுக்கு எதற்குத் தடுமாற்றம்? "அவன் நல்லவன்", "அவன் நல்லா இருக்கான்" என்று இரண்டு வசனம் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் "இரு" வரவில்லை. அது அவன் குணம், அங்கே "சேர்": "எல் எ போங்". இரண்டாவதில் "இருக்கான்" வந்துவிட்டது. அது இன்றைய நிலை, அங்கே "இஷ்தார்": "எல் இஷ்தா பெய்ங்". எல்லா இடத்திலும் இந்தக் கணக்குச் சரியாக வராது. நாவலப்பிட்டி எங்கே இருக்கிறது என்று ஊரின் இடத்தைக் கேட்க "ஃபிகார்" என்று வேறொரு வினை இருக்கிறது. ஆனால் பத்துக்கு ஏழெட்டுத் தடவை கைகொடுக்கும்.

பசியும் அப்படி. இங்கிலீஷில் ஆள் தானே பசியாகிறான். நாம் "எனக்குப் பசிக்குது" என்போம். அவர்கள் "தெய்ஞு ஃபோம்", பசி வைத்திருக்கிறேன் என்பார்கள். வயதும் அவர்களிடம் "வைத்திருப்பது"தான்: முப்பது வருடம் வைத்திருக்கிறேன்.

நம்ம வீட்டிலயே போர்த்துக்கேயச் சொல் இருக்காமே? அதை அப்படியே சொன்னா அவங்களுக்குப் புரியுமா?

நிறையப் புரியும். லயத்துக் காம்பராவுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள், நின்று சுற்றிப் பாருங்கள். சன்னல், சாவி, மேசை, அலமாரி, கதிரை, வாங்கு, துவாய், சப்பாத்து, குசினி, தாச்சி, பாண். அத்தனைக்கும் போர்த்துக்கேயத்தில் அக்காவோ தங்கச்சியோ உண்டு: ஜனேலா, ஷாவ், மேசா, அர்மாரியு, கதெய்ரா, பாங்கு, துவால்யா, சப்பாத்து, குஸீஞா, தாஷு, பாவுங். சப்பாத்துக் கடையில் நான் முதன்முதலாகப் போர்த்துக்கேயம் பேசினேன், பேசியது தமிழ். அலவாங்கைப் பிடித்துக் கல் புரட்டுகிற மாமாவிடம் அது "அலவாங்கா" என்று சொன்னேன். "அப்படித்தானேம்மா நானும் சொல்றேன்" என்றார்.

தொழிற்சாலைச் சக்கரத்தைப் பழைய ஆட்கள் ரோதை என்பார்கள் அல்லவா? அதுவும் "ரோதா" தான். அந்தச் சக்கரத்துக்குக் காவலாக நாம் கும்பிடுகிற ரோதை முனியின் பெயரில் பாதி போர்த்துக்கேயம் என்று சொன்னால் பூசாரி ஒப்புக்கொள்வாரோ என்னவோ. கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலத்தின் "ஏலம்" கூட அவர்களுடைய "லெய்லாவுங்" என்ற சொல்லிலிருந்து வந்ததென்பார்கள். அதே 1883இல்தான் போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவில் கொர்ரியானா தேயிலைத் தோட்டமும் தொடங்கியது. இன்றும் அங்கே கொழுந்து எடுக்கிறார்கள்.

ஆனால் நாலைந்து சொற்கள் காலை வாரிவிடும். நம்ம கோப்பை அவர்களுடைய "கோப்பு", ஆனால் அங்கே அது கண்ணாடி கிளாஸ். தேத்தண்ணிக் கோப்பை வேண்டுமென்றால் போர்த்துக்கலில் "ஷாவெனா", பிரேசிலில் "ஷீக்கரா" என்று கேட்க வேண்டும். பேனை "பேனா" தான், ஆனால் அங்கே இறகு. இறகால் எழுதிய காலத்துச் சொல் நம்மிடம் தங்கிவிட்டது, அவர்கள் "கனேத்தா"வுக்குப் போய்விட்டார்கள். கடதாசி நமக்குத் தாள். அவர்களுடைய "கார்த்தா" கடிதம். என் பாட்டி கடிதத்தைக் "கடுதாசி" என்றுதான் சொல்லுவார். நுவரெலியா கோவா "கோவ்" என்பதிலிருந்து வந்தது. பிரேசிலில் "கோவி" என்று கேட்டால் உருண்டையாகச் சுருளாத கீரை இலையைத் தருவார்கள். உருண்டைக் கோவாவுக்கு அங்கே "ஹெபோல்யு" என்று சொல்ல வேண்டும்.

கண்டியைப் போர்த்துக்கேயர் பிடிக்கவே இல்லையே, சொல் எப்படி மலை ஏறிச்சு?

பிடிக்க வந்தார்கள். 1594இல் தந்துறையில் படை அழிந்தது. 1638இல் பேராதனைக்கு எதிர்ப்பக்கம் கன்னொறுவையில் மறுபடியும் அழிந்தது. 1505இல் வந்தவர்கள் 1658இல் தீவை விட்டே போனார்கள். மலை அவர்கள் கையில் நிலைக்கவில்லை.

சொல்லுக்குப் படை தேவையில்லை. கரையோரத்தில் தங்கிய பாணும் சப்பாத்தும் சிங்களத்திலும் இலங்கைத் தமிழிலும் கலந்து மெல்ல மேலே ஏறின. நம்ம முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்தபோது, தமிழ்நாட்டிலேயே கலந்துவிட்ட சன்னலையும் சாவியையும் வாயில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு வழியாக வந்தவை ஒரே காம்பராவில் சேர்ந்தன. காம்பராவே "காமரா" தானே; டச்சுக்காரரும் அதற்கு உரிமை கேட்கக்கூடும். அலுவலகத்தைச் சொல்கிற கந்தோரும் கக்கூசும் மட்டும் சந்தேகமில்லாமல் டச்சு.

போர்த்துக்கேயர் வழி வந்த மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் இன்னும் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசுகிறார்கள். அதில் வினை தமிழைப் போல வசனத்தின் கடைசியில் வருகிறது. அதைக் கொண்டுபோய் லிஸ்பனில் பேசினால் பாதிதான் விளங்கும்.

போர்த்துக்கலுக்கும் பிரேசிலுக்கும் ஒரே மொழிதானே, எதைப் படிக்கிறது?

எங்கே போகிறீர்களோ, யார் உங்கள் வீட்டுக்கு வருகிறார்களோ அதை. நமக்கும் சென்னைத் தமிழுக்கும் உள்ள தூரம் மாதிரி. பஸ் போர்த்துக்கலில் "அவ்துகார்ரு", பிரேசிலில் "ஓனிபுஸ்". ரயில் போர்த்துக்கலில் "கொம்போயு", பிரேசிலில் "ட்ரெய்ங்". காலைச் சாப்பாடு போர்த்துக்கலில் "சின்ன மதியச் சாப்பாடு", பிரேசிலில் "காலைக் கோப்பி".

பஸ்ஸைத் தவறாகச் சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. "ப்ரொபீனா" என்றால் போர்த்துக்கலில் பல்கலைக்கழகக் கட்டணம், பிரேசிலில் லஞ்சம். மகனுக்குப் ப்ரொபீனா கட்டினேன் என்று பிரேசில்காரரிடம் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். "ரப்பரீகா" போர்த்துக்கலில் சாதாரணமாகப் பெண்பிள்ளை. பிரேசிலில் பல இடங்களில் கெட்ட வார்த்தை. தம்பிமார் இதைக் கட்டாயம் மனசில் வைத்திருக்கவும்.

இங்கிலீஷ் மாதிரியே இருக்கிற சொல்லை நம்பலாமா?

நம்பிக் கெட்டவள் சொல்கிறேன், கேளுங்கள்.

போன முதல் மாதம் எனக்கு மலச்சிக்கல். தோட்டத்து டிஸ்பென்சரியில் கற்றுக்கொண்ட "கொன்ஸ்டிபேஷன்" கைவசம் இருந்தது. ஒரு பார்மசியில் போய், போர்த்துக்கேயம் போல ஒலிக்கட்டும் என்று "கொங்ஷ்திபாதா" என்று இழுத்துச் சொன்னேன். அந்தப் பெண் பரிவோடு தலையாட்டி, மூக்கடைப்புக்கு மாத்திரையும் தொண்டைக்கு மிட்டாயும் தந்தாள். போர்த்துக்கலில் அந்தச் சொல்லுக்குத் தடிமன் பிடித்தவள் என்று பொருள். மூன்று நாள் மாத்திரை போட்டேன். மூக்கு நன்றாக இருந்தது.

கதவு அதைவிட மோசம். கடைக் கதவில் "பூஷ்" என்று எழுதியிருக்கும், இங்கிலீஷ் "புஷ்" போலவே காதில் விழும். தள்ளினால் திறக்காது. அதன் பொருள் இழு. எத்தனை கதவில் நெற்றி இடித்தது என்று எண்ணவில்லை.

மற்றவை சுருக்கமாக: "ஃபாப்ரிக்கா" துணி இல்லை, தொழிற்சாலை, தேயிலைத் தொழிற்சாலைக்கு அதையே சொல்லலாம். "பரேந்தெஷ்" அம்மா அப்பா இல்லை, சொந்தக்காரர் எல்லாரும். "லிவ்ரரீயா" நூலகம் இல்லை, புத்தகக் கடை. "இஷ்கிஸீத்து" அருமை இல்லை, விசித்திரம், சமைத்தவரிடம் சொல்லாதீர்கள். "இஷ்தாது" எஸ்டேட் இல்லை, அரசு அல்லது மாநிலம். தோட்டத்துக்கு "ப்ளாந்தஸாவுங் த ஷா" என்று எழுதுங்கள்.

வீட்டில அறை வாடகைக்கு விடுறோம். போர்டு எழுதணும். "ஹொட் வோட்டர்", "நொட் ஸ்பைசி", "வெல்கம்"...

இங்கிலீஷ் "ஹொட்" இரண்டு வேலை பார்க்கும். போர்த்துக்கேயம் நம்மைப் போலப் பிரித்து வைத்திருக்கிறது: சூடு "கென்த்", காரம் "பிகாந்த்". சுடுதண்ணி "ஆக்வா கென்த்". காரமில்லாத சாப்பாடு "செய்ங் பிகாந்த்". தெரிந்தவர் வீட்டுப் போர்டில் இரண்டும் இடம் மாறி, குளியலறையில் இருபத்துநாலு மணி நேரமும் காரத் தண்ணி வரும் என்று தொங்கியது. பிரேசில் பெண் ஒருத்தி அதைப் படமெடுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் "பெய்ங் விந்துஷ்", நல்வரவு. ஆனால் விருந்தினர் நன்றி சொல்லும்போது இங்கிலீஷில் "யூ ஆர் வெல்கம்" என்கிறோமே, அங்கே இதைச் சொன்னால் மறுபடியும் வாசலுக்கு வரவேற்பது போலாகிவிடும். அதற்கு "த நாதா", ஒன்றுமில்லை, நம்ம "பரவாயில்ல".

நன்றி சொல்வது ஆண் என்றால் "ஒப்ரிகாது", பெண் என்றால் "ஒப்ரிகாதா". கேட்பவர் யார் என்பதைப் பொறுத்ததில்லை, சொல்பவரைப் பொறுத்தது.

"யூ"வுக்கு என்ன சொல்? மரியாதை குறைஞ்சிடக்கூடாது.

நமக்கு இருக்கிற இந்தப் பயம் அங்கே ரொம்ப உதவும். "தூ" என்பது நீ. கூட்டாளி, பிள்ளைகள், வீட்டு ஆட்களுக்கு. பெரியவருக்கு "உ சிஞோர்", "ஆ சிஞோரா". முன்னால் நிற்பவரிடமே "ஐயா தேத்தண்ணி குடிக்கிறாங்களா?" என்று கேட்பது போல வசனம் அமையும். பங்களாவில் வேலை செய்த என் அம்மாவுக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "வொஸே" என்று ஒன்றிருக்கிறது. பிரேசிலில் பெரும்பாலும் எல்லாருக்கும் அதுதான், தாராளமாகச் சொல்லலாம். போர்த்துக்கலில் வயதானவரிடம் சொன்னால் முகம் சுருங்கும். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களை "தீயு", "தீயா" என்று மாமா, மாமி முறை வைத்துக் கூப்பிடுவதையும் கேட்கலாம்.

இன்னும் சில இங்கிலீஷ் மரபுத்தொடர்களுக்குச் சட்டென்று பதில் தர முடியுமா?

ஒரே கல்லில் இரண்டு பறவை: அங்கே ஒரே தடியடியில் இரண்டு முயல். நமக்கு மாங்காய். நம்முடையதில்தான் உயிர்ச்சேதம் இல்லை.

கையும் காலும் விலையாகப் போவது, அதாவது கொள்ளை விலை: அங்கே "முகத்துக் கண்கள்" போகும், "குஷ்தார் உஷ் ஓல்யுஷ் த காரா".

பன்றி பறக்கும்போது நடக்கும் என்பது: போர்த்துக்கலில் "கோழிக்குப் பல் முளைக்கும்போது", அல்லது "புனித ஒருபோதுமில்லை திருநாளன்று பிற்பகல்", "தியா த சாவுங் நூங்கா". ஒருபோதும் வராத அந்தத் திருநாளுக்குப் பிற்பகல் வேறு குறித்திருக்கிறார்களே, அந்தக் குசும்பு எனக்குப் பிடிக்கும். சம்பள உயர்வு எப்போது என்று யாராவது கேட்டால் சொல்ல வசதி.

வாளியை உதைப்பது: "பத்தேர் ஆஷ் போத்தாஷ்", பூட்ஸைத் தட்டுவது. இது நம்ம "மண்டையைப் போட்டான்" ரகம். விருந்தினரின் தாய் இறந்த சேதி வந்திருக்கும்போது வாயைத் திறந்து இதைச் சொல்லிவிடக்கூடாது. அங்கே "ஃபலெசேவ்", காலமானார்.

பிறர் பழியைச் சுமப்பது: "பகார் உ பாத்து", வாத்துக்குக் காசு கொடுப்பது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்போமே, அது.

ஊருக்கு ஒதுக்குப்புறமான இடம்: "யூதாஸ் பூட்ஸைத் தொலைத்த இடம்". பஸ் போகாத மேற்பிரிவுத் தோட்டங்களை விவரிக்க எனக்கு இதைவிட நல்லது கிடைத்ததில்லை.

முதலைக் கண்ணீர் மூன்று மொழியிலும் முதலைக் கண்ணீர். முதலைக்கு மட்டும் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

"அண்டர் த வெதர்", "ஃபீலிங் புளூ" இதுக்கெல்லாம் ஒண்ணும் கிடைக்கலையே?

கிடைக்காவிட்டால் வெறுமனே சொல்லுங்கள். உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை, அவ்வளவுதானே. எல்லாத் தொடருக்கும் பதில் தொடர் தேடுவது வீண் வீம்பு. நீலம் விஷயத்தில் கவனம்: பிரேசிலில் "துது அசூவ்", எல்லாம் நீலம் என்றால் எல்லாம் நலம்.

திகதி, கிழமை எல்லாம் குழம்புது.

குழம்பும். நமக்குத் திங்கள், செவ்வாய் என்று கிரகங்கள். அவர்களுக்கு எண்: திங்கள் "செகுந்தா", இரண்டாவது நாள், செவ்வாய் மூன்றாவது, வெள்ளி ஆறாவது. ஞாயிறை முதல் நாளாக எண்ணி வருகிற தேவாலயக் கணக்கு. சனியும் ஞாயிறும் மட்டும் பெயரோடு தப்பின. திங்களை முதல் நாளாக நினைத்து எண்ணினால் ஒரு நாள் பிந்திப் போய் நிற்பீர்கள்.

"ஐ மிஸ் யூ" எப்படி எழுதுறது? மகன் லிஸ்பனில, அவன் கட்டிக்கப் போற பொண்ணு அந்த ஊரு.

இங்கிலீஷில் பஸ்ஸையும் "மிஸ்" பண்ணலாம், அம்மாவையும் "மிஸ்" பண்ணலாம். போர்த்துக்கேயத்தில் பஸ்ஸை "இழப்பார்கள்". ஆளுக்கு "சவ்தாத்" வேண்டும். "தெய்ஞு சவ்தாதெஷ் தூவாஷ்", உன் சவ்தாத் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் மாமியார் ஆகப் போகிறவர், "தூ" வகையில் எழுதினால் தப்பில்லை.

சவ்தாத் மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்று அவர்கள் பெருமை அடித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "பிள்ளைக்கு அம்மாவைத் தேடுது" என்கிறோமே, அந்தத் தேடுதல்தான். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு என் பாட்டியின் தங்கச்சி குடும்பத்தை நீலகிரிக்கு அனுப்பினார்கள். கடுதாசி வருகிற நாளெல்லாம் பாட்டி அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். வாசித்து முடித்ததும் "தேடுதுடி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். லிஸ்பன் வீட்டுப் பெரியம்மாவுக்கு நான் அதை விளக்கியபோது, "ஆமாம், அதேதான்" என்றார். அவர் மகன் ஒருவர் பிரேசிலில் இருந்தார்.

உச்சரிப்பு வருமா அக்கா?

ஞ நம்மிடம் இருக்கிறது. அவர்களுடைய பாதி மூக்கொலி அதோடு முடிந்தது. "வீஞு" என்றால் வைன், சரியாக அப்படியே. "ஆவுங்" என்று முடிகிறவற்றில் ங்-வை முழுசாகச் சொல்லாமல் மூக்கிலேயே நிறுத்திவிடுங்கள். லிஸ்பன்காரர் உயிரெழுத்துகளை விழுங்குவார்கள். ஆறு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தால் பழகிவிடும்.

விசா அலுவலா கந்தோருக்குக் கந்தோர் அலையிறேன். காக்க வச்சே கொல்றாங்க. இதுக்கு ஏதும் சொல்லு இருக்கா?

இருக்கிறது. பிரேசில்காரர் அதை "ஷா ஜி கதேரா" என்பார்கள்: கதிரைத் தேத்தண்ணி. நடன விருந்தில் யாரும் ஆடக் கூப்பிடாமல் ஓரத்துக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்த பெண்களைப் பற்றி வந்த சொல் என்பார்கள். இப்போது எங்கே காக்க வைத்தாலும் அதுதான். நான் போவதற்கு முன்னால் ஒரு அலுவலகத்தில் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் மூன்றரை வரை குடித்தேன். அங்கே கதிரையும் இல்லை, வாங்குதான்.

போகும்போது பிளாஸ்கில் நிஜத் தேத்தண்ணியும் கொண்டு போங்கள்.